மயிலாப்பூர் மெஷினரி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்கால் வலியில்தான் வந்து நிற்கிறது. அது இல்லையென்றால் தோற்ற கதை. கிடைக்காமல் போன சீட்டு, நழுவிப்போன பிரமோஷன், பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிக்கொண்டு போன மனை. எனக்கு அதிலெல்லாம் ருசி இல்லை. நான் ஜெயித்த கதை ஒன்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, கிழவிக்குத் தற்பெருமை என்பீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், தற்பெருமைதான்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதிமூன்று வயது. தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வாடகை வீட்டின் கீழ்ப் போர்ஷனில் அப்பா, அம்மா, நான். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். அந்தச் சந்தை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே நடந்து வருவேன். விடிந்ததும் கிணற்று ராட்டினம் கிறீச்சிடும். சற்றுப் பொறுத்து, முனையில் இருந்த மாவு மில் உறும ஆரம்பிக்கும். பத்து மணிக்கு எதிர் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் திறந்தால் சாயங்காலம்வரை சடசடவென்று ஆலங்கட்டி மழை, நடுநடுவே ஒவ்வொரு வரி முடிவிலும் டிங். அந்த டைப்ரைட்டர்களெல்லாம் எங்கே போயின? எந்தப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார்களோ தெரியவில்லை. நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

லஸ் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் செக்‌ஷனில் படித்தேன். அந்தப் பள்ளியில் ஒரு அநியாயம் இருந்தது. தமிழ் செக்‌ஷன் பெண்களுக்கு மேல் வகுப்பில் தையலும் மனையியலும்தான். கணக்கும் ஃபிசிக்ஸும் வேண்டுமென்றால் இங்கிலீஷ் செக்‌ஷனில் இருக்க வேண்டும். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. கணக்கு மட்டும் கேட்காமலே வரும். ஆனால் இங்கிலீஷ் செக்‌ஷனில் இடம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த வருஷம் நடுவில் ஒரு பெண்ணின் அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றலாகி, ஒரே ஒரு இடம் காலியானது. அதற்கு ஐந்து பெண்கள் மோதினோம்.

விஜயதசமியன்று எதைத் தொடங்கினாலும் விருத்தியாகும் என்பது நம் ஊர் நம்பிக்கை அல்லவா? ஹெட்மிஸ்ட்ரஸ் தேர்வையும் அன்று காலையிலேயே வைத்துவிட்டார். ஐந்து பேருக்கும் ஒரே வார்த்தை கொடுத்தார். மெஷினரி. அதன் அர்த்தம் என்ன, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மேடையில் நின்று இங்கிலீஷில் பேச வேண்டும். யார் நன்றாகப் பேசுகிறாளோ அவளுக்கு அந்த இடம்.

செய்தி சந்து முழுக்கப் பரவியது. வீட்டுக்கார மாமி மாடிப்படியிலிருந்தே கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"பொம்மனாட்டிக் கொழந்தைக்கு எதுக்குடி மெஷினரியும் கிஷினரியும்? ஃப்ளவர், பட்டர்ஃப்ளைன்னு ஏதாவது அழகா குடுக்கப்படாதோ?"

அப்பாவுக்கோ பரம சந்தோஷம். அவர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. "இது நான் தெனம் பொழங்கற வார்த்தைடி. அட்மினிஸ்ட்ரேட்டிவ் மெஷினரி, டிஸ்ட்ரிக்ட் மெஷினரி, எத்தனை டிராஃப்ட்ல எழுதியிருக்கேன்! நீ ஒண்ணும் கவலைப்படாதே. நான் எழுதித் தரேன், நீ நெட்டுருப் பண்ணிண்டு போய் ஒப்பிச்சுட்டு வா" என்றார்.

"எப்போப்பா?"

"நடுவுல ஒரு லீவு நாள் வரதே. நிம்மதியா உக்காந்து எழுதிடலாம்."

தினமும் கேட்டேன். தினமும் அந்த லீவு நாளையே சொன்னார். உங்களுக்குப் புரிந்திருக்கும், எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. விஜயதசமிக்கு முன்னால் வரும் லீவு நாள் எது? சரஸ்வதி பூஜை. புத்தகத்தைத் திறக்கக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது. ஆபீஸுக்கு எதற்காக லீவு விட்டார்களோ அதையே அப்பா மறந்துபோனார்.

பூஜையன்று காலையில் குளித்துவிட்டு, பேப்பரும் கையுமாக உட்காரலாம் என்று அப்பா வந்தபோது கூடத்தில் எல்லாம் முடிந்திருந்தது. என் பாடப் புத்தகங்கள், டிக்‌ஷனரி, நோட்டு, அப்பாவின் ஆபீஸ் காகிதம், மைக்கூடு, எல்லாவற்றையும் அடுக்கி, மேலே அம்மா தன் பழைய பட்டுப் புடவையைப் போர்த்தியிருந்தாள். உச்சியில் அப்பாவின் கருப்பு ஃபவுண்டன் பேனா, கழுத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"ஏண்டி, பேனாவை எதுக்கு எடுத்தே?"

"ஆயுத பூஜைக்கு உங்க ஆயுதம் வேற என்ன இருக்கு? கத்தியா, கோடாலியா?"

"கொழந்தைக்கு எழுதித் தரணுமே!"

"இன்னிக்கா? நன்னாருக்கு. இன்னிக்கு எழுத்தைப் பார்த்தா இருக்கற படிப்பும் போயிடும்" என்றாள் அம்மா. அவள் இதில் ரொம்பக் கண்டிப்பு. சுவரில் இருந்த காலண்டரைக்கூடத் திருப்பி மாட்டியிருந்தாள். மாடிக்கு ஓடினேன். வீட்டுக்காரர் வீட்டு டிக்‌ஷனரியும் பூஜையில்தான் இருந்தது.

சரி, வாயாலேயே சொல்லிக்கொடுக்கிறேன் என்று அப்பா கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். "மெஷினரி ஈஸ்..." என்று ஆரம்பிப்பார், வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், அங்கே பேனா இருக்காது, வாக்கியமும் அங்கேயே நின்றுவிடும். திரும்ப "மெஷினரி மே பீ டிஃபைண்ட்..." என்பார். மறுபடி கை பைக்குப் போகும். இருபது வருஷமாக எழுதியே யோசித்தவருக்குக் கையில் பேனா இல்லாமல் ஒரு வரிகூட ஓடவில்லை. எனக்கு அழுகை வந்தது. தையல் கிளாஸில் உட்கார்ந்து நான் காலமெல்லாம் சட்டைக்குக் காஜா எடுப்பது கண் முன்னே தெரிந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு பிரச்சினை. அன்று வீட்டில் எது ஓடலாம், எது ஓடக் கூடாது? மெஷினரி எதுவும் ஓடக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். டேபிள் ஃபேனுக்குப் பொட்டு வைத்து நிறுத்தியாயிற்று. சூடேறுவதற்கே ஒரு பாட்டு நேரம் எடுத்துக்கொள்ளும் வால்வு ரேடியோவுக்கும், சுவர்க் கடிகாரத்துக்கும், அப்பாவின் சைக்கிளுக்கும் அப்படியே. கிணற்று ராட்டினத்துக்கும் அம்மா பூ சுற்றிவிட்டாள்.

"ஏன்னா, ராட்டினம் மெஷினரியா இல்லையா?" என்று அம்மா கேட்டாள்.

"சந்தேகம் என்ன? சுத்தறதே."

"அப்போ இன்னிக்கு ஜலம் இழுக்கப்படாது. சமையல் கிடையாது."

அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். "இல்லை, ராட்டினம் மெஷினரி ஆகாது. அது உபகரணம்" என்று தீர்ப்பை மாற்றினார். அதே தீர்ப்பில் அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் உபகரணமாயின. அரிவாள்மணைக்கு அம்மா பொட்டு வைத்தாள். வைத்த கையோடு அதன் மேல் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். பொட்டு வைத்துக்கொண்டு உடனே வேலைக்குப் போனது எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

சமையலறை வாசலில் நின்று விசும்பிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நின்னு அழுதுண்டிருந்தா அர்த்தம் தெரிஞ்சுடுமா? பையை எடுத்துண்டு போய்க் கடையில எல்லாம் பொரி வாங்கிண்டு வா. நகரு, வடைக்கு அரைக்கணும்."

அந்தக் காலத்து ஆயுத பூஜைப் பொரி உங்களுக்கு நினைவிருக்கிறதா? பொரி, உடைச்ச கடலை, நாட்டுச்சர்க்கரை, ஒரு துண்டு தேங்காய். கடைக்குக் கடை அள்ளிப் போடுவார்கள். துணிப் பையை எடுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தேன். சந்து வித்தியாசமாக இருந்தது. ஏன் என்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது, சத்தமே இல்லை. டைப்ரைட்டிங் இல்லை, மில் இல்லை. குளத்துக் கரையில் வாசித்த நாகஸ்வரம் சந்துக்குள் வந்து கேட்டது. தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காயும் குங்குமமும், வாழைக்கன்று கட்டிய ரிக்‌ஷாக்களும்.

மாவு மில்லில் போய் நின்றேன். வாராவாரம் அரிசியும் கோதுமையும் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிற இடம்தான். ஆனால் அன்று கழுவித் துடைத்திருந்தார்கள். அதுவரை வெள்ளையாகவே பார்த்த மிஷின் பச்சை நிறம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மில்காரர் தலைமுடியும் கறுப்பாக இருந்தது. சுடச்சுட மாவு வாசனை வரும் இடத்தில் ஊதுவத்தி வாசனை. பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்கள். மோட்டாருக்கு ஒரு மாலை, அரைக்கிற கல்லுக்கு ஒரு மாலை, ஆணியில் தொங்கிய பெல்ட்டுக்கு ஒரு முழம் கதம்பம்.

"மெஷினரின்னா என்ன?" என்று மில்காரரையே கேட்டேன்.

"மிசினரியா? தோ, கட போர்டுல எளுதிக்கீது பாரு, அதான். இன்னா பாப்பா, பைய நல்லாத் தொறந்து புடி. அப்பால கொட்டிப்புட்டு இன்னொரு வாட்டி வந்து நிக்காத" என்று பொரியை அள்ளிப் போட்டார். எனக்குப் பின்னால் ஒரு பெருங்கூட்டம் பைகளோடு நின்றுகொண்டிருந்தது.

நான் நகரவில்லை. அங்கேயே ஓரமாக நின்று பொரியைத் தின்றுகொண்டு பார்த்தேன். மோட்டார் அங்கே இருந்தது. கல் இங்கே இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி மாலை, தனித்தனிப் பொட்டு, நடுவில் ஒன்றுமில்லை. மோட்டாரை இப்போது போட்டால் அது தானாகச் சுற்றி என்ன ஆகப்போகிறது? கல் சும்மா கல். பெல்ட் வெறும் வார். மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் மாவு விழுகிறது. அப்போதுதான் அது மெஷினரி. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன்!

அதற்குப் பிறகு பொரி மறந்துபோயிற்று. சைக்கிள் கடை, அச்சாபீஸ், தையல்காரர் என்று ஒவ்வொரு வாசலாக நின்று, எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடிக்கும் ஏறினேன். வரிசையாக நெற்றியில் பொட்டோடு டைப்ரைட்டர்கள் உட்கார்ந்திருந்தன. எந்தச் சாவியை அமுக்கினால் எந்தக் கம்பி எழும்பும் என்று குனிந்து குனிந்து பார்த்ததில் என் மூக்கில் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

வீடு திரும்பியபோது மத்தியானம் ஆகிவிட்டது. ஃபேன் ஓடாத கூடத்தில் அப்பா ஈஸிசேரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ரேடியோ தூங்கியது, கடிகாரம் தூங்கியது, பேனா பட்டு மெத்தையில் தூங்கியது. அம்மா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆட்டுக்கல், அலம்பாத பாத்திரம், தட்டு நிறைய வடை. நான் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி அப்படிப் பாக்கறே? கை காலை அலம்பிண்டு வா" என்றாள்.

மறுநாள் விடிகாலையில் மறுபூஜை முடித்து, புடவையை விலக்கியதும் டிக்‌ஷனரியை எடுத்தேன். மெஷினரிக்கு நேரே இரண்டே வரி இருந்தது. எனக்கு ஏமாற்றத்துக்குப் பதிலாகச் சிரிப்புத்தான் வந்தது. மூடி வைத்துவிட்டேன். அப்பா பேனாவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். "வேண்டாம்ப்பா" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அவர் பயந்துபோயிருந்தார் என்பது இப்போது தெரிகிறது.

பள்ளி ஹாலில் பெற்றோர்களுக்குக் கடைசியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அம்மா மயில்கழுத்துப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. முதலில் மூன்று பெண்கள் பேசினார்கள். மூவரும் ஒரே டியூஷன் மாஸ்டரிடம் போனவர்கள். வரி பிசகாமல் ஒரே பேச்சு. மூன்றாவது பெண் ஆரம்பித்தபோது, அடுத்த வரி என்ன என்று எங்கள் எல்லோருக்குமே தெரிந்தது. நாலாவதாக அடையாறிலிருந்து காரில் வந்த டாக்டர் பெண். என்ன இங்கிலீஷ் தெரியுமா! வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி. தொழிற்சாலை, முன்னேற்றம், தேசம் என்று போனாள். கை தட்டல் அடங்க நேரமாயிற்று. அப்பா தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

நான் மேடைக்குப் போனேன். வாயைத் திறந்தேன்.

"மேடம், யெஸ்டர்டே ஆல் மெஷினரி இன் மைலாப்பூர் டுக் லீவ்."

ஹாலில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி நிமிர்ந்தார். "டிக்‌ஷனரி ஆல்ஸோ டுக் லீவ், மேடம். ஸோ ஐ வென்ட் அண்ட் ஸா." இந்த முறை அவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் என் பயம் போயிற்று.

மீதியைத் தமிழிலேயே சொல்கிறேன், என் அன்றைய இங்கிலீஷை நீங்கள் தாங்க மாட்டீர்கள். மில்லைச் சொன்னேன். மோட்டாருக்கு மாலை, கல்லுக்கு மாலை, ஆனால் மாவு இல்லை, மூன்றும் சேர்ந்து ஒரு வேலை செய்தால்தான் மெஷினரி என்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கையைக் காட்டி நிறுத்தினார். அவர்தான் மேல் வகுப்புக்கு ஃபிசிக்ஸ் எடுப்பவர்.

"அந்த பெல்ட்டை எப்படி மாட்டுவார்கள், பார்த்திருக்கிறாயா?"

"எட்டு மாதிரி முறுக்கி மாட்டுவார், மேடம்."

"முறுக்கினால் என்ன ஆகும்?"

வாரா வாரம் வரிசையில் நின்றவளுக்கு இது தெரியாதா? இரண்டு கைகளையும் நீட்டி, ஒன்றை இப்படியும் மற்றதை எதிர்ப்பக்கமாகவும் சுற்றிக் காட்டினேன். "மோட்டார் இப்படி, கல் அப்படி. முறுக்காமல் மாட்டினால் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும்."

"ஏன் முறுக்கினார் என்று கேட்டாயா?"

"கேட்டால் திட்டுவார், மேடம்."

அவர் தலையை ஆட்டி, மேலே சொல் என்றார். அடுத்து அந்த வார்த்தையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு வந்தேன். என் அப்பா சர்க்காரை மெஷினரி என்பார், அதையும் நானாகத்தான் இப்போது புரிந்துகொண்டேன், அங்கேயும் ஒரு பெல்ட் கழன்றால் காகிதம் நகராது என்றேன். கடைசி பெஞ்சில் அப்பா இருமினார். பிறகு எங்கள் வீட்டைச் சொன்னேன். ஃபேனுக்கு லீவு, ரேடியோவுக்கு லீவு, அப்பாவுக்கு லீவு, அவருடைய பேனாவுக்கும் லீவு. "பட் மை மதர்..." என்று நான் சொன்னதும் ஹால் முழுக்கத் திரும்பி அம்மாவைப் பார்த்தது. என்னமோ புகார் சொல்லுகிறேன் என்று நினைத்து அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என் அம்மா பொட்டு வைத்த அரிவாள்மணையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை வேலை செய்தாள் என்று முடித்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் உன் அம்மா மெஷினரி என்கிறாயா?"

டாக்டர் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மாட்டிக்கொண்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கோ பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"நோ, மேடம். மெஷினரிக்கு வருஷத்தில் ஒரு நாள் லீவு கொடுக்கிறோம்."

ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசி பெஞ்சையே பார்த்தார். பிறகு, பெற்றோரும் பெண்களும் வெளியே இருக்கட்டும், கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. அவரே வராந்தாவுக்கு வந்தார், நேரே அம்மாவிடம் வந்து நின்று, தமிழில் சொன்னார்.

"உங்க பொண்ணுக்கு இடம் குடுத்தாச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து இங்கிலீஷ் செக்‌ஷன். கணக்கு, ஃபிசிக்ஸ்."

"நான்தான் கொஞ்சம் கைட் பண்ணினேன், மேடம்" என்றார் அப்பா.

"ஏன்னா, பொய் சொல்லாதேள். உங்களுக்குத்தான் நேத்திக்குப் பேனாவே இல்லையே" என்றாள் அம்மா. வெளி மனிதர் முன்னால் அவள் அப்பாவை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹெட்மிஸ்ட்ரஸ் வாய்விட்டுச் சிரித்தார், அப்பாவும் சிரித்தார், நான் வராந்தாவில் குதித்துக்கொண்டே ஓடினேன்.

நான் ஃபிசிக்ஸ் படித்தேன். பிறகு இன்ஜினீயரிங் படித்தேன், ஒரு ஹாலுக்கு இருநூறு ஆண்களும் மூன்று பெண்களும் இருந்த காலத்தில். டர்பைன்களோடும் பெரிய பெரிய பம்புகளோடும் வேலை பார்த்து, எனக்குக் கீழே ஒரு கூட்டத்தை வைத்து வேலை வாங்கி, பெருமையாக ரிடையர் ஆனேன். ஊசியில் நூல் கோக்க இன்றுவரை தெரியாது.

அன்று கச்சேரி ரோடு வழியாகத் திரும்பி நடந்தோம். "மை மதர்னு என்னமோ சொன்னாளே, என்னைப் பத்தி என்னன்னா சொன்னா?" என்று அம்மா கேட்டாள். அப்பா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். கடைசி வரியை மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மா கொஞ்ச தூரம் நடந்து, வழியில் இருந்த ஹோட்டல் வாசலில் நின்றாள். நாங்கள் ஒருநாளும் உள்ளே போகாத ஹோட்டல்.

"ஆத்துல போய் இனிமே அடுப்பு மூட்டணும். இன்னிக்கு நான் லீவு" என்றாள்.

அப்பா கதவைத் தள்ளிப் பிடித்தார். அம்மா ஃபேனுக்குக் கீழே இருந்த மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தாள். இட்லி வந்தது, வடை வந்தது, கடைசியில் காபி வந்தது. தன் கையால் போடாத காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் டபராவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"டிகாக்‌ஷன் தண்ணியா இருக்கு" என்றாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "இன்னொண்ணு கொண்டு வரச் சொல்லுங்கோ, ஸ்ட்ராங்கா."